மடிப்பில் எழுதிய அளவு

என் அக்காவின் கழுத்தில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் தொங்கும். குளிக்கும்போது கழற்றுவாள் என்று நினைக்கிறேன், அதையும் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். கடைத்தெருவில் செருப்புக் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு சந்து மாதிரி இடம், அதுதான் அவள் கடை. புதுத்துணி தைப்பதில்லை. ஆல்டரேஷன் மட்டும். பேண்ட்டை வெட்டி மடிப்பது, ஜிப் மாற்றுவது, இறுக்கமாகிவிட்ட சட்டையைப் பிரித்துவிடுவது, தொளதொளவென்று இருப்பதைப் பிடித்துத் தைப்பது. கடைக்கு வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிடுவாள். "போன தடவைக்கு இப்ப ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கீங்க சார், உக்காந்தே வேலையா?" சாருக்கு முகம் சிவக்கும். ஆனால் அடுத்த தடவையும் அவளிடம்தான் வருவார். தெருவே அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிடும்.

நான் அவளுடைய தங்கை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். நான் "பிரேக்!" என்று கத்தினால் ரோட்டில் போகிற மற்ற வண்டிகளும் நின்றுவிடும் என்று என் மாணவர்கள் பேசிக்கொள்வதாகக் கேள்வி. பேசட்டும். இதுவரை என் வண்டியில் படித்த ஒருத்தரும் ஒரு நாயைக்கூட இடித்ததில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று எங்கள் வீட்டிலேயே எனக்குப் பெயர். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை, பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்றேன். அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்கா வீடு மூன்றாவது மாடியில். ஒரு கூடம், ஒரு அடுக்களை, ஒரு அறை. அறை பிள்ளைகளுக்கு. அக்காவும் அத்தானும் கூடத்தில் படுத்துக்கொள்வார்கள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஊரார் ஏறி இறங்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு, வீட்டுக்கு மட்டும் மூச்சு வாங்கப் படியேறி வருவார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். சம்பளம் கூடுமா என்றாலும் பார்க்கலாம், சட்னிக்கு உப்பு போதுமா என்றாலும் பார்க்கலாம்.

பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்குப் பதிமூன்று, சின்னவனுக்கு ஒன்பது. சின்னவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். யாரும் ஆன் பண்ண வேண்டாம், ஆஃப் பண்ணப் பட்டனும் கிடையாது. தூக்கத்திலும் பேசுவான். இரண்டு பேருக்கும் ஒரே கட்டில், ஒரே மேசை, ஒரே பீரோ. பெரியவள் நேர் எதிர். அவளிடம் ஒரு வார்த்தை வாங்க நாம் நாலு வார்த்தை செலவழிக்க வேண்டும். மனசில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதி, தலையணை உறைக்குள் வைத்திருப்பாள்.

ஆண்டு விடுமுறையில் ஒருநாள் ரேடியோ அந்த நோட்டைக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததோடு விட்டானா? மாடிப்படியில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, செய்தி வாசிப்பது போல வாசித்துவிட்டான். பேச்சை நிறுத்திக்கொண்ட ஒரு சிநேகிதிக்கு அவள் எழுதி, கொடுக்காமலே வைத்திருந்த கடிதம் அது. "நீ பேசலைன்னா எனக்குச் சாப்பாடே இறங்கலை" என்று ஒரு வரி. அடுத்த நாளிலிருந்து அவள் படியில் இறங்கினால் போதும், ஒவ்வொரு மாடியிலும் ஒரு குட்டி அந்த வரியை நீட்டி முழக்கிப் பாடும்.

அவள் அழவில்லை. ஒருநாள் சாயங்காலம் எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது, நானும்தான் இருந்தேன், தெளிவாகச் சொன்னாள். "என் இடத்துக்கு யாரும் என்னைக் கேக்காம வரக் கூடாது. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள அப்படி ஒரு இடம் இங்க இல்லைன்னா, நான் சித்தி வீட்டுக்குப் போயிடறேன்."

"அதுக்குத்தான் நடுவுல பெட்ஷீட் கட்டினேனே?" என்றாள் அக்கா.

"பெட்ஷீட்டைத் தூக்கிட்டு தலையை நீட்டறான்மா. எனக்குத் திரை வேணாம். சுவர் வேணும்."

அத்தான் "பார்க்கலாம்" என்று வாயெடுத்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு வாரம் குடு. அதெல்லாம் ஆயிடும்" என்றாள் மகளிடம். என் அக்காவின் தாரக மந்திரம் அது. கிழிந்த கோட்டாக இருந்தாலும் சரி, உடைந்த குழாயானாலும் சரி, அதெல்லாம் ஆயிடும்.

இப்போது என் பக்கம். என் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் நான். இன்னொன்றில் யாருமில்லை. கல்யாணத்தின்போது வாங்கிய வீடு அது. கல்யாணம் ஒன்றரை வருஷத்தில் நடுரோட்டில் நின்றுவிட்டது, வீடு மட்டும் என் பெயரில் தங்கியது. அந்த இரண்டாவது அறையைக் கூட்டிப் பெருக்கி, ஜன்னலைத் துடைத்து, மறுபடி மூடி வைப்பேன். எட்டு வருஷமாக அதுதான் வேலை. பெரியவள் வருகிறேன் என்று சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே போய்ப் புதுப் போர்வை, ஒரு மேசை விளக்கு எல்லாம் வாங்கிவிட்டேன். எனக்கு அந்தப் பெண் வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது? பக்கத்து அறையில் ஒரு மூச்சு கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அக்காவுக்கும் அது தெரியும். கடையில் ஒருநாள் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீயாவே அவளை வான்னு கூப்பிட்டியாமே?"

"கூப்பிட்டேன். அதுக்கென்ன? ரூம் சும்மாதானே கெடக்கு?"

மிஷினை நிறுத்தினாள். "பதிமூணு வயசுல போற பொண்ணு, திரும்பி வரும்போது விருந்தாளியாத்தான்டி வரும். பையைக் கீழ வைக்கலாமான்னு கேக்கும். எனக்கு அது வேணாம்." சொல்லிவிட்டு மறுபடி மிஷினை ஓட்டினாள்.

செலவுக்கு அக்காவிடம் இருந்தது சீருடைப் பணம். விடுமுறை முடியும் நேரத்தில் ஊர்ப் பிள்ளைகளின் பாவாடையையும் அரைக்கால் சட்டையையும் பிரித்துவிட்டுச் சேர்த்தது. ஒரு உறையில் போட்டு, இதற்குமேல் ஒரு பைசா கிடையாது என்று எல்லாரிடமும் காட்டினாள். அப்புறம் இறங்கினாள் பாருங்கள், அடேயப்பா! மூடிப்போன ஒரு மாணவர் விடுதியின் வாசலில் இரும்புக் கட்டில்கள் குவிந்து கிடப்பதைப் பேருந்திலிருந்தே பார்த்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவந்து, ஒற்றைக் கட்டில் இரண்டை பழைய இரும்புக் கடைக்காரர் எடைபோட்டு வாங்கும் விலைக்குப் பேசி முடித்தாள். பெயிண்ட் கடையில் யாரோ கலர் தப்பாகக் கலந்துவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுத்த டப்பாக்கள் மூன்று இருந்தன. அவற்றைப் பாதி விலைக்கும் கீழே தட்டிக்கொண்டு வந்து, ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினாள்.

"என்ன கலர்க்கா இது?" என்று கேட்டேன். நீலமுமில்லை, சாம்பலுமில்லை, பச்சையென்று சொன்னாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

"சுவர் கலர்" என்றாள்.

நான்கு நாள் எல்லாருமாகச் சுவரைச் சுரண்டினோம், ஓட்டைகளில் பட்டி வைத்தோம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். ரேடியோவின் தலைமுடி வெள்ளையாகிவிட்டது, அதைப் பற்றி மட்டும் ஒருமணி நேரம் பேசினான். பெரியவள் தன் பக்கத்துச் சுவருக்குத் தானே பெயிண்ட் அடித்தாள். ஒரு கோடு, ஒரு சொட்டு தப்பவில்லை. காய்ந்த பிறகு பார்த்தால், சும்மா சொல்லக் கூடாது, மழை விட்ட பிறகு வானம் இருக்குமே, அந்த நிறம். பெரியவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றாள். அவள் கணக்கில் அது ஒரு மேடைப் பேச்சு. இனி என் வீட்டுக்கு எங்கே வரப்போகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

மிச்சம் இருந்தது சுவர்தான். அறை ஒன்பதரை அடி நீளம். ஒரு முனையில் ஜன்னல், மறுமுனையில் ரேடியோவின் பக்கமாக வாசல். ஜன்னலுக்கு இரண்டு கதவு, ஆளுக்கொன்று. ஜன்னலின் நடுச்சட்டத்தில் தொடங்கி ஏழடிக்கு ஒரு பிளைவுட் தடுப்பு, மீதி இரண்டரை அடி அவள் போக வர வழி. அக்கா கழுத்து டேப்பை இறக்கினாள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான்.

"எவ்வளவுடி?"

"எண்பத்தி நாலு" என்று நான்தான் உரக்கப் படித்தேன். அவள் ஆர்டர் எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஆல்டரேஷன் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சட்டையை மேசையில் விரித்துப் போட்டு, இந்தப் பக்கத் தையலிலிருந்து அந்தப் பக்கத் தையல்வரை அளப்பாள். அது முன்பக்கம் மட்டும்தான், பின்பக்கம் அடியில் கிடக்கிறது. ஆகவே அகலம் என்றாலே அவளுக்குப் பாதி. முப்பத்தாறு இஞ்ச் இடுப்பென்றால் நோட்டில் பதினெட்டு என்று எழுதுவாள். உயரம் அப்படியில்லை, உயரத்தை முழுசாகத்தான் எழுதுவாள். இதற்கு அவள் வைத்திருக்கும் பேர் 'மடிப்புல எழுதறது'. இருபது வருஷமாக அவள் கை அப்படியே பழகிவிட்டது.

வியாழக்கிழமை பிளைவுட் கடைக்குப் போனோம். என் காரில்தான். கடைக்காரர் நோட்டை வாங்கிப் பார்த்தார், நானும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். உயரம் 78. அகலம் 42.

எனக்குப் பக்கென்றது. எண்பத்து நாலு என்று சொன்னவளே நான். நாற்பத்திரண்டு இஞ்ச் என்றால் என் பயிற்சிக் காரின் அகலம்கூட வராது. அவள் மடிப்பில் எழுதிவிட்டாள் என்று உடனே புரிந்துவிட்டது.

"அளவு சரிதானேம்மா? வெட்டினா வெட்டினதுதான், திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார் கடைக்காரர்.

"இருபது வருஷமா அளவெடுக்கறவகிட்டயா கேக்கறீங்க?" என்றாள் என் அக்கா.

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டு இரண்டாவது அறையில் நான் விரித்துவைத்த போர்வை கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"அப்ப ஒரே ஷீட்ல முடிஞ்சிடும்" என்று அவர் விலை சொன்னார். அக்கா பயந்துகொண்டு வந்ததில் சரிபாதி. அவளுக்கு முகமெல்லாம் பல். "பார்த்தியாடி? இந்த ஊர்ல எல்லாரும் நம்மளை ஏமாத்தறாங்க, இவரு ஒருத்தர்தான் நியாயமான மனுஷன்" என்று என் காதைக் கடித்தாள். மிச்சம் பிடித்த பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவும் மனசில்லை. நேராக எதிர்க்கடைக்குப் போய்ப் பெரியவளுக்கு ஒரு புது மெத்தை வாங்கினாள். இரண்டு பேருக்கும் படிக்கும் விளக்கு வாங்கினாள். உறையைத் தலைகீழாக உதறிக் காட்டினாள். நோட்டைப் பார்த்தபோது ஒன்று, விலை சொன்னபோது ஒன்று, மெத்தைக்குப் பணம் நீட்டியபோது ஒன்று என்று மூன்று தடவை எனக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. மூன்று தடவையும் மென்று விழுங்கினேன்.

சட்டமெல்லாம் அடித்துச் சனிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்கள். நடுவில் இருந்த வெள்ளிக்கிழமை முழுக்க நான் யாரையும் திட்டவில்லை. ஒரு மாணவன் சிக்னலில் மூன்று தடவை வண்டியை அணைத்தான். நான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். "டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

சனிக்கிழமை காலையில் தடுப்பு வந்தது. இரண்டு ஆட்கள் மூன்று மாடி தூக்கி வந்து, அறையில் சாய்த்துவைத்தார்கள்.

"இன்னொண்ணு வண்டியில இருக்கா?" என்றாள் அக்கா.

"இன்னொண்ணா? ஒண்ணுதாம்மா. சீட்டைப் பாருங்க."

அக்கா நோட்டை எடுத்தாள். பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே இரும்புக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மடிப்புல எழுதிட்டேன்" என்றாள் சின்னக் குரலில். "அகலத்தை மடிப்புல எழுதிட்டேங்க."

அத்தான் நோட்டை வாங்கிப் பார்த்தார். ரேடியோ தடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். "விரிச்சுப் பாரும்மா. விரிச்சா பெரிசாயிடும்ல?"

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் தங்கை, அவள் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பெரியவள் வந்து பார்த்தாள். தடுப்பின் இந்தப் பக்கம் நின்றாள், அந்தப் பக்கம் போனாள். கட்டிலின் தலைமாடு மறைந்தது, கால்மாடு திறந்து கிடந்தது. "பரவாயில்லம்மா. நல்லாத்தான் இருக்கு" என்றாள். வேற்று வீட்டில் உப்பில்லாத சாப்பாட்டைச் சாப்பிடும்போது சொல்வோமே, அந்தக் குரல். அப்புறம் என்னிடம் திரும்பினாள். "சித்தி, நான் நாளைக்கே வரட்டுமா?"

இதைக் கேட்கத்தானே காத்திருந்தேன்?

அக்கா எழுந்தாள். மகளைத் தடுக்கவில்லை, கெஞ்சவில்லை. பீரோவைத் திறந்து பெரியவளின் சீருடைகளை எடுத்தாள். ஒன்றை என் கையில் கொடுத்துக் கீழ் மடிப்பைப் புரட்டிக் காட்டினாள்.

"இங்க பாரு. உள்ள ரெண்டு இஞ்ச் விட்டுத் தைச்சிருக்கேன். ஆறு மாசத்துல வளர்ந்திடுவா. அப்ப இந்த நூல் இருக்கில்ல, இந்த முனை, இதைப் பிடிச்சு இழு. கத்திரி போடாத, துணியில பட்டுடும். இழுத்தா மொத்தத் தையலும் வந்திடும். அப்புறம் இஸ்திரி போட்டுட்டு என்கிட்ட குடுத்தனுப்பு. சரியா? எந்த நூல்னு சொல்லு?"

மகளைக் கொடுக்கிறவள், அவள் வளர்ந்தால் எந்த நூலை இழுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்! எனக்கு மனசு கேட்கவில்லை. சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது.

"இரு அக்கா, இதோ வந்திடறேன்" என்று சொல்லிவிட்டு மூன்று மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

வீட்டுக்குப் போய் அந்த அறைமுன் நின்றேன். புதுப் போர்வை, மேசை விளக்கு எல்லாம் இருந்தன. ஒரு நிமிஷம்தான் பார்த்தேன். கார் டூல்ஸ் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, கதவைக் கழற்ற ஆரம்பித்தேன். மூன்று கீல், பன்னிரண்டு திருகு. பெயிண்ட் அடித்தவன் திருகின் தலைமேலேயே அடித்துவைத்திருந்தான், அவனை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன். இரண்டு நாளில் முதல் தடவை எனக்குக் குரல் திரும்பியது. எதிர் வீட்டு அம்மா ஓடிவந்து, "ஏன் கத்தறீங்க, திருடனா?" என்றாள். "திருடிதான், நான்தான். ஒரு பக்கம் பிடிங்க" என்றேன். இரண்டு பேருமாகத் தூக்கிக் கார் கூரைமேல் வைத்துக் கட்டினோம். டிரைவிங் ஸ்கூல் போர்டு கட்டின காரில் ஒரு முழுக்கதவு போவதை ஊரே நின்று பார்த்தது.

அத்தானும் நானும் கதவை மேலே கொண்டுபோனோம். அக்கா கூடத்தில் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"கதவு."

"கதவுன்னு தெரியுது. யார் வீட்டுக் கதவு?"

"என் வீட்டுது. அந்த ரூம் கதவு. கழட்டிட்டு வந்துட்டேன். பாதிச் சுவர் இருக்கில்ல, அது பக்கத்துல இதை மாட்டிடலாம்."

"பைத்தியமா உனக்கு? அப்ப அவ அங்க எப்படி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். என் முகத்தை அளந்தாள். அளப்பதுதானே அவள் தொழில்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றேன். "கடையிலயே பார்த்தேன். நாப்பத்தி ரெண்டுன்னு எழுதியிருந்தே. எண்பத்தி நாலுன்னு எனக்குத் தெரியும். சொல்லலை."

"விலை சொல்லும்போது?"

"தெரியும்."

"மெத்தை வாங்கும்போது?"

"தெரியும்க்கா. அவ என்கிட்ட வரணும்னுதான் சொல்லலை."

பெரியவள் அறைவாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோகூட வாயடைத்துப் போய் நின்றான்.

"ஊர்ல இருக்கிறவனையெல்லாம் பிரேக் போடு, பிரேக் போடுன்னு கத்தறவளாச்சே நீ!" அக்காவின் குரல் உடைந்தது. "எனக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா? ஒரே ஒரு வார்த்தை! நான் என்னடி உனக்குப் பண்ணினேன்?" கழுத்திலிருந்த டேப்பை உருவி என்மேல் எறிந்தாள். அதன் தகர முனை காதில் பட்டுச் சுள்ளென்றது. நன்றாகப் படட்டும் என்று நின்றேன்.

"தப்புக்கா" என்றேன்.

அவள் கதவைப் பார்த்தாள். அறைக்குள் இருந்த தடுப்பைப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள். அவள் கண் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போவது எனக்குத் தெரிந்தது.

"எடு அந்த டேப்பை" என்றாள். "கதவு அகலம் சொல்லு. முழுசா சொல்லு."

"முப்பத்தி மூணு. முழுசு!"

"பீரோ?"

"முப்பத்தி ஆறு."

"தடுப்பு நாப்பத்தி ரெண்டு. ஆக நூத்திப் பதினொண்ணு." நோட்டில் எழுதவில்லை, வாயாலேயே கூட்டினாள். "அறை நூத்திப் பதினாலு. பீரோவைத் திருப்பி அந்த முனையில சுவரோட நிறுத்தினா, நடுவுல கதவு. மூணு இஞ்ச் இடைவெளி."

அத்தான் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கதவு தொங்கணும்னா தூண் வேணும். பிளைவுட் தாங்காது. பழைய லிஃப்ட்ல கழட்டின இரும்புச் சட்டம் எங்க குடோன்ல கெடக்கு, ரெண்டு இஞ்ச் இருக்கும். தரையிலயும் கூரையிலயும் முடுக்கிட்டா யானை வந்து தள்ளினாலும் அசையாது." அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார், முக்கால் மணி நேரத்தில் தோளில் இரும்போடு வந்தார்.

அன்று சாயங்காலம்வரை வேலை. அத்தான் துளை போட்டார், நான் தடுப்பைத் தாங்கிப் பிடித்தேன். அக்கா என்னிடம் "இந்தப் பக்கம் தூக்கு", "கொஞ்சம் இறக்கு", "பல்லைக் காட்டாத, பிடி" என்பதற்குமேல் பேசவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பெரியவள் பையிலிருந்த தன் துணிகளை வெளியே எடுக்கவுமில்லை, பையை மூடவுமில்லை. திருகுகளை ஒவ்வொன்றாக அப்பாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். தடுப்பு, தூண், கதவு, பீரோ என்று எல்லாம் ஒரே வரிசையில் நின்றபோது ஒரு இஞ்ச் இடைவெளி மிஞ்சியது. அது ரேடியோ அலைவரிசைக்கு என்று ரேடியோவே சொன்னான்.

முதலில் போட்ட திட்டத்தில் வழி திறந்தேதான் கிடந்திருக்கும். இப்போது அது ஒரு நிஜ அறை. அக்கா தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நான்தான் சொன்னேனே, அதெல்லாம் ஆயிடும்னு" என்றாள், எல்லாம் அவள் போட்ட திட்டப்படியே நடந்தது மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, ஆனால் என்னைப் பார்க்காமல் சிரித்தாள்.

தாழ்ப்பாளை எந்தப் பக்கம் போடுவது என்று அத்தான் கேட்டார். "அவ பக்கம்" என்றாள் அக்கா.

பெரியவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் நாலு பேரும் வெளியே வரிசையாக நின்றோம். உள்ளே ஒரு சத்தமுமில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கே தெரியாமல் பிடித்தாள் என்று நினைக்கிறேன்.

ரேடியோவுக்குத்தான் பொறுக்கவில்லை. போய்த் தட்டினான். அவன் பிறந்ததிலிருந்து ஒரு கதவைத் தட்டியவனில்லை.

"யாரு?" என்றது உள்ளிருந்து குரல்.

"ரேடியோ."

"இப்ப நிலையம் மூடியிருக்கு. அப்புறம் வா."

அவனுக்கு அது என்னவோ ரொம்பப் பெருமையாகிவிட்டது. "அப்புறம் வரச் சொல்லிட்டா!" என்று எங்களிடம் அறிவித்துவிட்டு, தன் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டுக் காத்திருந்தான். அக்கா கூடத்துக்குப் போய், பாதி அடுக்கிய பையிலிருந்து சீருடைகளை வெளியே எடுத்து வைத்தாள். அழுதுகொண்டே எடுத்தாள், இந்தத் தடவை துடைத்துக்கொள்ளவில்லை.

நான் திருப்புளியைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினேன். வேலை முடிந்தது, அங்கே எனக்கென்ன இருக்கிறது? வாசலைத் தாண்டப் போகும்போது தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. பெரியவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு உங்கமேல ரொம்பக் கோபம் சித்தி" என்றாள். "அம்மா பாவம்."

"ஆமாடி. தெரியும்" என்றேன்.

"உள்ள வாங்க."

எட்டு வருஷம் அந்தக் கதவு என் வீட்டில் இருந்தது. திறந்தவளும் நான்தான், மூடியவளும் நான்தான். உள்ளேயிருந்து எனக்காக ஒருத்தி அதைத் திறந்தது அன்றைக்குத்தான்.